பழைய வாசிப்பான்களுக்கும் சேர்த்துத் தமிழ் மின்னூல் செய்தல்

சிங்கப்பூரில் தமிழில் எழுதும் நண்பர்கள் தங்கள் கவிதைத் தொகுப்பையோ சிறுகதைத் தொகுப்பையோ மின்னூலாக்கித் தரும்படி கேட்கும்போது, அட்டை எப்படி அமைய வேண்டும், எந்த எழுத்துரு அழகாக இருக்கும், எங்கே விற்பனைக்கு வைக்கலாம் என்று பலவற்றையும் ஆர்வத்தோடு பேசுகிறார்கள். அந்த நூலை வாசிக்கப் போகிறவர் எந்தக் கருவியில் அதைத் திறப்பார் என்ற கேள்வி மட்டும் அநேகமாக எழுவதே இல்லை. எழுதியவரின் கையில் புதிய கைப்பேசி இருக்கிறது. அதில் நூல் நன்றாகத் தெரிகிறது. எனவே எல்லாருக்கும் அப்படியே தெரியும் என்று எண்ணிவிடுகிறோம்.

இங்கே தமிழ் நூல்களைப் பொறுமையாக, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிப்பவர்களில் பலர் ஓய்வுபெற்றவர்கள். பிள்ளைகள் பல ஆண்டுகளுக்கு முன் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்த கிண்டில், கோபோ போன்ற மின்னூல் வாசிப்பான் அவர்களிடம் இன்னும் இருக்கிறது. பழைய பொருள்களை விற்கும் கரோசெல் செயலியில் குறைந்த விலைக்குப் பழைய வாசிப்பான் ஒன்றை வாங்கி, எம்ஆர்டி நிலையத்தில் கைமாற்றிக்கொண்டு வரும் மாணவர்களும் இருக்கிறார்கள். மின்மைத் திரை (இ-இங்க்) கொண்ட கருவி, கைப்பேசியைப் போல இரண்டு மூன்று ஆண்டுகளில் தளர்ந்துபோவதில்லை. பக்கத்தைப் புரட்டும்போது மட்டுமே அது மின்சாரத்தைக் கணிசமாகச் செலவழிப்பதால், மின்கலம் மூப்படைந்த பிறகும் வாரக்கணக்கில் இல்லாவிட்டாலும் நாள்கணக்கில் தாங்குகிறது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 டன் மின்கழிவு சேரும் இந்தச் சிறிய நாட்டில், நன்றாக இயங்கும் ஒரு கருவியை மென்பொருள் பழையதாகிவிட்டது என்பதற்காக மட்டும் தூக்கிப் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நூலைச் செய்பவர் சற்றுக் கூடுதலாக உழைத்தால் வாசகர் புதுக் கருவி வாங்க வேண்டியதில்லை என்பதே என் உறுதியான எண்ணம்.

பழைய கருவி என்று நான் சொல்வது எவற்றை என்பதை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். சோனியின் முதல் மின்மைத் திரை வாசிப்பான் அமெரிக்காவில் 2006-இல் வந்தது. அடுத்த ஆண்டே அமேசானின் முதல் கிண்டில் வந்தது. மின்னூலுக்கான பொதுத் தரமான ஈபப் 2-உம் அதே 2007-இல்தான் ஏற்கப்பட்டது. கிண்டில் மட்டும் அந்தப் பொதுத் தரத்தை விட்டு விலகி, அமேசான் 2005-இல் வாங்கியிருந்த மோபிபாக்கெட் நிறுவனத்தின் மோபி வடிவத்தைத் தழுவியது. 2011-இல் ஈபப் 3 வந்தது. அதே ஆண்டு கிண்டிலுக்கும் கேஎஃப்8 என்ற வளமான வடிவம் வந்தது. ஆகவே 2011-க்கு முன்பும் அதை ஒட்டியும் வந்த கருவிகள் ஒரு வகை. அதன் பிறகு ஓரிரு ஆண்டுகளில் வந்து, புதிய வடிவத்தைப் பாதி புரிந்துகொள்ளும் கருவிகள் இன்னொரு வகை. முதல் வகை நேர்மையாகத் தோற்றுப்போகும். நூல் திறக்காது, அல்லது கட்டம் கட்டமாகத் தெரியும். இரண்டாம் வகைதான் அதிகத் தொல்லை தருவது, ஏனென்றால் அது நூலைத் திறந்துவிட்டு வாசகரை உள்ளே தவிக்க விடும்.

ஆங்கில நூல் செய்பவருக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் அலங்காரத்தோடு முடிந்துவிடுகிறது. தலைப்பு நடுவில் வராமல் ஓரத்தில் நிற்கும், படம் சற்றுப் பெரிதாக வரும், அவ்வளவுதான். தமிழில் எழுத்தே குலைந்துபோகிறது. அங் மோ கியோவில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர், எங்கிருந்தோ இறக்கிக்கொண்ட ஒரு கதை நூலைத் தம் பழைய வாசிப்பானில் திறந்து என்னிடம் நீட்டினார்.

"தம்பி, கதை நல்லா இருக்கும் போலத்தான் தெரியுது. ஆனா கொம்பெல்லாம் தள்ளித் தள்ளி நிக்குதே, என் கண்ணுதான் இப்படிக் காட்டுதா?"

"கண்ணுல ஒண்ணும் இல்லீங்க டீச்சர், கருவிதான்."

திரையில் 'மேகம்' என்ற சொல் 'மகேம்' என்று கிடந்தது. 'தேவன்' என்பது 'தவேன்' ஆகியிருந்தது. கொம்பு தனக்குரிய எழுத்தின் இடப்பக்கம் ஏறாமல் வலப்பக்கமே நின்றுவிட்டதால், அடுத்த எழுத்தின் கொம்பாகத் தோற்றம் தந்தது. புள்ளிகள் மெய்யின் தலைமேல் ஏறாமல் பக்கத்தில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றன. இரண்டு வரி படித்தால் தலை வலிக்கும். அதை ஒரு முழு நூலளவு வாசிக்க அவர் முயன்றுகொண்டிருந்தார் என்பது என்னை வெகுவாக உலுக்கியது.

இது ஏன் நிகழ்கிறது என்பதைத் தமிழ் மின்னூல் செய்யும் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோட் குறியீட்டு முறையில் உயிர்மெய் எழுத்து ஒலிப்பு வரிசையில் சேமிக்கப்படுகிறது. முதலில் மெய்க்குரிய எழுத்து, பிறகு உயிர்க்குறி. 'மே' என்பதில் 'ம' முன்னும் இரட்டைக்கொம்பு பின்னுமாகக் கோப்பில் இருக்கும். திரையில் காட்டும் நேரத்தில் கொம்பை முன்னே கொண்டுவருவதும், 'கொ' போன்றவற்றில் ஒரே குறியை இரண்டாகப் பிளந்து ஒற்றைக்கொம்பை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் வைப்பதும், புள்ளியை மேலே ஏற்றுவதும், 'க்ஷ' என்பதை ஒரே வடிவமாகக் கோப்பதும் கருவிக்குள் இருக்கும் எழுத்தமைப்பு மென்பொருளின் வேலை. இன்று நம் கைப்பேசிகளிலும் உலாவிகளிலும் பெரும்பாலும் ஹார்ஃப்பஸ் போன்ற மென்பொருள் இதைச் செய்துவிடுகிறது. பழைய வாசிப்பான்கள் பலவற்றில் அத்தகைய மென்பொருளே இல்லை. இலத்தீன் எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கத் தெரிந்தால் போதும் என்று எண்ணிச் செய்யப்பட்டவை அவை.

நூலுக்குள் நல்ல தமிழ் எழுத்துருவைப் பொதிந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நம்புவது இதனால்தான் பாதி மட்டுமே உண்மை. எழுத்துரு கருவிக்கு எழுத்துகளின் உருவங்களைக் கொடுக்கிறது, அவ்வளவே. அந்த உருவங்களை எந்த வரிசையில், எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்ற குறிப்புகளும் எழுத்துருவுக்குள் இருந்தாலும், அவற்றைப் படித்துச் செயல்படுத்த கருவியில் ஆள் வேண்டும். வெற்றுக் கட்டங்கள் தெரிகின்றன என்றால் எழுத்துரு இல்லை என்று பொருள். எழுத்துருவைப் பொதிந்தால் தீரக்கூடும். கொம்பும் புள்ளியும் இடம் மாறித் தெரிகின்றன என்றால் எழுத்தமைப்பு மென்பொருள் இல்லை என்று பொருள். எத்தனை எழுத்துருக்களைப் பொதிந்தாலும் தீராது. வாசகர் தம் குறையைச் சொல்லும்போது இந்த இரண்டில் எது என்று முதலில் கேட்டுக்கொண்டால், வீணாகும் உழைப்பு எவ்வளவோ மிச்சமாகும்.

இதற்குக் குறுக்கு வழி ஒன்று உண்டு. யூனிகோடுக்கு முன் நாம் புழங்கிய பாமினி, திஸ்கி போன்ற முறைகளில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கப்பட்டன. கொம்பு முதலில், மெய்யெழுத்து அடுத்து. அத்தகைய எழுத்துருவைப் பொதிந்து, நூலின் உரையையும் அந்த முறைக்கு மாற்றிவிட்டால், எழுத்தமைப்பு மென்பொருளே இல்லாத கருவியிலும் தமிழ் குலையாமல் தெரியும். அப்படிச் செய்யப்பட்ட நூல்களைப் பார்த்திருக்கிறேன். நான் அதைச் செய்வதில்லை. யாருக்கும் பரிந்துரைப்பதும் இல்லை. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும் அந்த நூல், கோப்புக்குள் பொருளற்ற இலத்தீன் குறிகளின் குவியலாக இருக்கும். அதில் ஒரு சொல்லைத் தேட முடியாது, அகராதியில் பார்க்க முடியாது, பார்வையற்றவருக்குத் திரை வாசிப்பு மென்பொருள் அதைப் படித்துக் காட்டாது. அந்த எழுத்துரு தொலைந்த நாளில் நூலும் தொலையும்.

சிங்கப்பூரில் இருந்துகொண்டு இதைச் சொல்வதற்கு எனக்குக் கூடுதலான ஒரு காரணமும் உண்டு. எழுத்தாளர் நா. கோவிந்தசாமி தம் கணியன் மென்பொருளோடு தமிழை இணையத்தில் ஏற்றப் பாடுபட்டது இங்கேதான். 1997-இல் தமிழ் இணைய மாநாடு முதன்முதலாகக் கூடியதும் இங்கேதான். ஒவ்வொரு மென்பொருளும் தனித்தனிக் குறியீட்டு முறையில் இயங்கி, ஒருவர் அனுப்பியதை மற்றவர் படிக்க முடியாமல் இருந்த நிலையை மாற்றத்தான் அந்தத் தலைமுறை அத்தனை விவாதங்களை நடத்தியது. பழைய கருவிக்கு இடம் தரும் நோக்கத்தில் அந்த நிலைக்கே உரையைத் திருப்பி அனுப்புவது முறையாகாது.

நேர்மையான வழி வேறொன்று இருக்கிறது. நூலை யூனிகோடில் ஒழுங்கான ஈபப் கோப்பாகச் செய்துவிட்டு, எழுத்தமைப்பு தெரியாத கருவிகளுக்கென்று ஆறு அங்குலத் திரைக்கு அளவெடுத்த பிடிஎஃப் ஒன்றைத் தனியே தருவது. பிடிஎஃப் கோப்பில் ஒவ்வோர் எழுத்துருவமும் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பது முன்பே கணித்து எழுதப்பட்டுவிடுவதால், கருவி சொன்ன இடத்தில் வரைந்தால் போதும். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தினர் ஈபப், மோபி, ஏ4 பிடிஎஃப் ஆகியவற்றோடு ஆறு அங்குல பிடிஎஃப்பையும் சேர்த்தே வெளியிட்டு வந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். தமிழுக்காக உழைப்பவர்கள் அனுபவத்தில் கண்டடைந்த அந்த முடிவைப் போகிற போக்கில் செய்த ஏற்பாடாக நினைத்துவிடக் கூடாது. அதில் ஆழ்ந்த யோசனை இருக்கிறது.

அந்த பிடிஎஃப்பைச் செய்யும் முறையைச் சற்று விரித்தே சொல்கிறேன், ஏனெனில் பெரும்பாலோர் ஏ4 தாளில் செய்ததைச் சுருக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். அது எறும்பளவு எழுத்தாகத் தெரியும். ஆறு அங்குலம் என்பது திரையின் மூலைவிட்டம். அகலமும் உயரமும் மூன்றுக்கு நான்கு என்ற விகிதத்தில் இருந்தால், அகலம் 3.6 அங்குலம், உயரம் 4.8 அங்குலம், அதாவது ஏறத்தாழ 9 சென்டிமீட்டருக்கு 12 சென்டிமீட்டர். லிப்ரே ஆபிஸ் என்ற இலவச மென்பொருளில் தாளின் அளவை இப்படியே அமைத்துக்கொள்ளலாம். கருவியின் சட்டமே ஓரமாக அமைந்துவிடுவதால் நான்கு பக்கமும் 4 மில்லிமீட்டர் இடைவெளி போதும். மேற்குறிப்பும் அடிக்குறிப்பும் இடத்தைத் தின்னும். பக்க எண் மட்டும் போதும். பிடிஎஃப்பில் வாசகர் எழுத்தின் அளவை மாற்றிக்கொள்ள முடியாது என்பதுதான் இதன் பெருங்குறை. ஆகவே 12 புள்ளி (பாயிண்ட்) அளவில் ஒன்றும், கண்பார்வை குறைந்தவர்களுக்காக 16 புள்ளி அளவில் ஒன்றுமாக இரண்டு கோப்புகளைச் செய்கிறேன். பக்க எண்ணிக்கை மளமளவென்று கூடும். அச்சில் 200 பக்கம் வரும் நூல் பெரிய எழுத்தில் அதைப் போலப் பல மடங்கு நீளலாம். தாள் செலவில்லாத இடத்தில் அதைப் பற்றி வருந்த வேண்டியதில்லை.

எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பதிலும் நிதானம் தேவை. மெல்லிய கோடுகள் உள்ள அழகிய எழுத்துருக்கள் பழைய மின்மைத் திரையில் சாம்பலாகக் கரைந்துவிடுகின்றன. 2010-இல் வந்த கிண்டிலின் திரை 600-க்கு 800 படப்புள்ளிகள் (பிக்சல்)தாம், அங்குலத்துக்கு 167. அந்த அடர்த்தியில் 'ண' என்பதன் சுழிகளும் 'ன' என்பதன் சுழிகளும் தெளிவாக வேறுபட்டுத் தெரிய வேண்டுமென்றால், கோட்டின் தடிமன் சீராக இருக்கும் எழுத்துருவே நல்லது. நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை போன்றவை திறந்த உரிமத்தில் கிடைப்பதால் நூலுக்குள் பொதிவதற்கும் தடையில்லை. கணினியோடு வந்த எழுத்துருவை அதன் உரிமத்தைப் படிக்காமல் பொதிந்துவிடுவது நல்ல பழக்கமன்று.

ஈபப் கோப்புக்கு வருவோம். இங்கே முதல் வேலை உரையைத் தூய்மை செய்வது. 'கொ' என்பதில் உள்ள உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் சேர்ந்த இரு குறிகளாகவும் எழுதலாம். யூனிகோட் இரண்டையும் சமமாகவே கருதுகிறது. புதிய கருவியில் வேறுபாடு தெரியாது. பழைய கருவியில் ஒன்று சரியாகவும் மற்றொன்று உடைந்தும் தெரியக்கூடும். தேடும்போது ஒன்று கிடைத்து மற்றொன்று கிடைக்காமல் போகும். எல்லாவற்றையும் ஒற்றைக் குறியாக மாற்றிக்கொள்வது நல்லது. 'கௌ', 'மௌ' ஆகியவற்றை ஒற்றைக்கொம்பு, பிறகு 'ள' என்று தட்டெழுதிவிடுபவர்கள் நிறையப் பேர். பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், ஆனால் 'மௌனம்' என்று தேடினால் அகப்படாது. பழைய தட்டச்சுப் பழக்கத்தில் துணைக்காலுக்குப் பதிலாக 'ர' புகுந்துவிடுவதும் உண்டு. 'ஸ்ரீ' என்பதை 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தைக் கொண்டு எழுதினால், அதற்கு முந்தைய எழுத்துருக்களில் கட்டம் விழும். கண்ணுக்குத் தெரியாத இணைப்பு, பிரிப்புக் குறிகள் சில விசைப்பலகைகளாலும் குறியீட்டு மாற்றிகளாலும் சொற்களின் நடுவே தூவப்பட்டிருக்கும். புதிய கருவி அவற்றை மறைத்துவிடும், பழைய கருவி ஒவ்வொன்றையும் கட்டமாகக் காட்டும். இவற்றையெல்லாம் நூலை வடிவமைப்பதற்கு முன்பே களைந்துவிட வேண்டும்.

அடுத்தது கோப்பின் அளவு. அடோபியின் மென்பொருளை நம்பியிருந்த பழைய வாசிப்பான்கள் பல, ஈபப்புக்குள் இருக்கும் ஒவ்வோர் உள்கோப்பும் ஏறத்தாழ 300 கிலோபைட்டுக்கு (கேபி) மேல் போனால் திணறும்; சில சமயம் நூலையே மூடிவிடும். மின்னூலை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தரும் காலிபர் மென்பொருள், நூலை மாற்றும்போது 260 கேபிக்கு மேற்பட்ட கோப்புகளை இயல்பாகவே உடைப்பது இதனால்தான். தமிழுக்கு இங்கே ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. யூனிகோட் குறிகளைக் கோப்பில் எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். ஆகவே 15 பைட். ஆங்கில நாவலின் நீண்ட அத்தியாயம்கூட அந்த வரம்புக்குள் எளிதாக அடங்கிவிடும். தமிழில் பத்தாயிரம் சொற்களை நெருங்கும்போதே வரம்பு தொட்டுவிடும். அத்தியாயம் பிரிக்காத நெடுங்கதையை எழுதுபவர்களிடம் நான் இதைச் சொல்லி, கதையோட்டம் இயல்பாக மூச்சு விடும் இடங்களைக் கேட்டு வாங்கி அங்கே பிரிக்கிறேன். மென்பொருள் தானாகப் பிரித்தால் அது உரையாடலின் நடுவிலும் வெட்டும்.

அமைப்பைப் பொறுத்தவரை எளிமையே பாதுகாப்பு. ஈபப் 3 கொண்டுவந்த புதிய குறிச்சொற்களைப் பழைய கருவிகள் அறியா. பத்தி, தலைப்பு, பிரிவு என்ற பழைய குறிகளாலேயே ஒரு நூலின் பெரும்பகுதியைச் செய்துவிட முடியும். நூலின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் விதிகளிலும் அப்படியே. தனக்குப் புரியாத ஒரே ஒரு விதியைக் கண்டால் முழு சிஎஸ்எஸ் கோப்பையும் ஒதுக்கிவிடும் மென்பொருள்கள் இருந்திருக்கின்றன. ஆகவே புதுமையான விதிகளைத் தனிக் கோப்பில் வைப்பது நல்லது. பொருளடக்கத்துக்கு ஈபப் 3-இன் வழிசெலுத்தும் கோப்பையும், ஈபப் 2-இன் என்சிஎக்ஸ் கோப்பையும் சேர்த்தே வைக்கலாம். பழைய கருவிகளுக்காக அப்படி வைப்பதைத் தரமே அனுமதிக்கிறது.

தமிழுக்கென்று சில எச்சரிக்கைகள் இங்கும் உண்டு. அத்தியாயத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் அலங்காரத்தைத் தவிர்த்துவிடுவதே நல்லது. 'கொடி' என்று தொடங்கும் அத்தியாயத்தில் சில பழைய கருவிகள் 'க' என்பதை மட்டும் பெரிதாக்கிவிட்டு, உயிர்க்குறியைச் சிறிய எழுத்தோடு அநாதையாக விட்டுவிடும். வரிகளை இருபுறமும் சமமாக இழுத்துக் கட்டும் அமைப்பும் சிறு திரையில் தமிழுக்குப் பொருந்துவதில்லை. 'கேட்டுக்கொண்டிருந்தவர்களிடமிருந்து' போன்ற ஒரு சொல் அடுத்த வரிக்குத் தள்ளப்பட்டால், முந்தைய வரியில் இருக்கும் இரண்டு மூன்று சொற்களுக்கு நடுவே வெற்றிடம் ஆறு போல ஓடும். இடப்பக்கம் மட்டும் ஒழுங்காக நிற்கும்படி விடுவதே வாசிப்புக்கு இதம். வரி இடைவெளியை ஆங்கிலத்துக்குரிய அளவில் வைத்தால் மேலே இருக்கும் புள்ளியும் கீழே இறங்கும் ஊகாரச் சுழியும் முட்டிக்கொள்ளும். எழுத்தளவைப் போல ஒன்றரை மடங்கு வைக்கிறேன்.

கவிதை நூல்களுக்கு இன்னும் அதிகக் கவனம் தேவை. புதுக்கவிதையில் வரி முறியும் இடம் கவிஞரின் தீர்மானம். சிறு திரையில் நீண்ட வரி மடங்கும்போது அது புதிய வரியைப் போலத் தோன்றினால் கவிதை சிதைந்துவிடும். மடங்கிய பகுதி சற்று உள்தள்ளி வரும்படி, ஒவ்வொரு வரியையும் தனிப் பத்தியாக்கி, தொங்கும் ஓரத்தைக் கொடுத்தால் பழைய கருவிகளும் பெரும்பாலும் கீழ்ப்படிகின்றன. வெற்றிடங்களைத் தட்டி வரியை நகர்த்தும் வழக்கம் எந்தக் கருவியிலும் நிலைக்காது.

படங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய திரைகள் பெரும்பாலும் பதினாறு சாம்பல் நிறங்களையே காட்டும்; சிராங்கூன் சாலையின் பழைய புகைப்படத்தை வைக்கும்போது, முன்கூட்டியே சாம்பல் நிறத்துக்கு மாற்றி, வெளிச்சத்தையும் நிழலையும் சற்றுப் பிரித்துவிட்டால் முகங்கள் தெரியும். ஜேபெக், பிஎன்ஜி ஆகிய இரண்டைத் தாண்ட வேண்டாம். சிவப்பாலும் பச்சையாலும் மட்டும் வேறுபடுத்திய வரைபடம், சாம்பல் திரையில் ஒரே நிறமாகிவிடும்.

அடிக்குறிப்புகளைப் பலர் கவனிப்பதில்லை. தொட்டவுடன் மேலே எழும் குறிப்புப் பெட்டி பழைய கருவிகளில் இல்லை. சிலவற்றில் தொடுதிரையே இல்லை. நான்கு திசை விசையை ஒவ்வொன்றாக அழுத்தி இணைப்பை எட்டிப் பிடிக்கும் வாசகரை மனத்தில் வைத்து, குறிப்புகளை அத்தியாயத்தின் இறுதியில் அடுக்கி, ஒவ்வொரு குறிப்பிலும் திரும்பி வரும் இணைப்பைக் கட்டாயம் தருகிறேன். சொற்பொருள் விளக்கம் ஓரிரு சொற்களில் முடிவதாக இருந்தால், அதை உரையிலேயே இயல்பாகச் சேர்த்துவிடும்படி எழுதியவரிடம் கேட்டுப் பார்ப்பதும் உண்டு.

நூலின் பெயர் விவரமும் முக்கியம். நூலுக்குள் எழுத்துருவைப் பொதிந்தாலும், கருவியின் முகப்பில் வரும் நூற்பட்டியல் கருவியின் சொந்த எழுத்துருவையே பயன்படுத்துகிறது. தமிழ் எழுத்துரு இல்லாத கருவியில் பத்துத் தமிழ் நூல்களை ஏற்றினால், முகப்பில் பத்து வரிக் கட்டங்கள் தெரியும். எது எந்த நூல் என்று வாசகருக்குத் தெரியாது. பழைய கருவிகளுக்கான பதிப்பில் மட்டும் நூற்பெயரையும் ஆசிரியர் பெயரையும் இலத்தீன் எழுத்தில் ஒலிபெயர்த்துப் பின்னால் சேர்க்கிறேன். கோப்பின் பெயரையும் இலத்தீன் எழுத்தில், இடைவெளி இல்லாமல் வைக்கிறேன். தமிழில் பெயரிட்ட கோப்புகளைப் பட்டியலில் காட்டவே மறுக்கும் கருவிகள் உண்டு.

கோப்பு கருவிக்குள் போய்ச் சேரும் வழியும் வடிவமைப்பின் ஒரு பகுதிதான். சிங்கப்பூரில் 2ஜி அலைவரிசை 2017-இலும் 3ஜி 2024-இலும் நிறுத்தப்பட்டுவிட்டன. கைப்பேசி வலையமைப்பை நம்பிய பழைய வாசிப்பான்களுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. கிண்டிலுக்கு நூலை அனுப்பும் அமேசானின் சேவை 2022-இல் ஈபப்பை ஏற்கத் தொடங்கி, மோபியைக் கைவிடலாயிற்று. யுஎஸ்பி கம்பி வழியாக ஈபப் கோப்பை நேரே கிண்டிலில் போட்டால் அது திறக்காது; காலிபரில் மாற்றியே போட வேண்டும். அந்தக் காலிபர்கூட 2006-இல், சோனியின் வாசிப்பானை லினக்ஸ் கணினியோடு இணைக்க கோவித் கோயல் என்பவர் எழுதிய சிறு மென்பொருளாகத்தான் தொடங்கியது. சற்றுத் துணிவுள்ளவர்கள் கோபோ போன்ற கருவிகளில் கேஓரீடர் என்ற திறந்த மென்பொருளை நிறுவிக்கொள்ளலாம். அதற்குள் ஹார்ஃப்பஸ் இருப்பதால் அதே பழைய திரையில் கொம்பும் புள்ளியும் தத்தம் இடத்துக்கு வந்துவிடுகின்றன. அந்த ஆசிரியைக்கு அதை நிறுவித் தரலாமா என்று கேட்டேன். கருவியில் எதையும் மாற்ற வேண்டாம் என்றார். பெரிய எழுத்து பிடிஎஃப்பைச் செய்து கொடுத்தேன். அதில்தான் இப்போது வாசிக்கிறார்.

இவ்வளவு பாடுபடுவது தேவைதானா, பழைய கருவிகள் இன்னும் சில ஆண்டுகளில் மறைந்துவிடாதா என்று இளம் நண்பர்கள் கேட்கிறார்கள். மறையலாம். ஆனால் பழைய கருவிக்காகச் செய்யும் வேலையில் பெரும்பகுதி நூலின் ஆயுளுக்காகவே செய்யும் வேலை. தூய யூனிகோட் உரை, எளிய குறிகள், அலங்காரத்தை நம்பாத அமைப்பு ஆகியவை எதிர்காலத்தில் வரப்போகும் கருவிக்கும் அதே அளவு புரியும். 1965 முதல் 2015 வரையிலான சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தை மின்வடிவாக்கி, நாட்டின் பொன்விழா ஆண்டில் தேசிய நூலகத்துக்கு வழங்கிய பெருமுயற்சியை நாம் அறிவோம். அந்த ஐம்பதாண்டு நூல்களை வருடி (ஸ்கேன் செய்து) எடுத்துச் சேர்க்க எத்தனை தன்னார்வலர்கள் உழைக்க வேண்டியிருந்தது! இன்று நாம் செய்யும் மின்னூல்களை நாளை வேறொரு கூட்டம் மீண்டும் மீட்டெடுக்க வேண்டிய நிலையில் விட்டுச் செல்லக் கூடாது. 2019 முதல் இங்கே வெளியாகும் மின்னூல்களும் தேசிய நூலக வாரியத்திடம் படி சேர்ப்பிக்கும் சட்டபூர்வ ஒப்படைப்புக்குள் வருகின்றன. அங்கே போய்ச் சேரும் கோப்பு, உள்ளே தமிழாகவே இருக்கும் கோப்பாக இருக்க வேண்டும் என்பதால், ஒப்படைப்புக்கு எப்போதும் தூய்மை செய்த ஈபப்பையே பரிந்துரைக்கிறேன். ஆறு அங்குல பிடிஎஃப் வாசகருக்கு மட்டும்.

நூலை வெளியிடும் முன் ஈபப்செக் மென்பொருளில் ஒருமுறை சோதித்துவிட்டு, ஒரே ஒரு பக்கம் கொண்ட சோதனைக் கோப்பை வாசகர் சிலருக்கு அனுப்பி வைக்கிறேன். அதில் மேகம், கொடி, கோடை, கௌதமன், பையன், ஸ்ரீ, பக்ஷி, கூழ், ஞாயிறு ஆகிய சொற்கள் வரிசையாக இருக்கும். கீழே நீண்ட கூட்டுச்சொற்கள் நிறைந்த ஒரு பத்தியும், மடங்கக்கூடிய ஒரு கவிதை வரியும், ஓர் அடிக்குறிப்பும், சாம்பல் நிறப் படம் ஒன்றும் இருக்கும். பெறுபவர் தம் கருவியில் திறந்து, திரையைக் கைப்பேசியில் படம் எடுத்து, கருவியின் பெயரோடு அனுப்பினால் போதும். கொம்பு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைப் பார்த்த உடனேயே அவருக்கு ஈபப்பை அனுப்புவதா பிடிஎஃப்பை அனுப்புவதா என்பது தெரிந்துவிடும். நூல் வெளியிடும் எவரும் இதே பக்கத்தைத் தாங்களே செய்து பயன்படுத்திக்கொள்ளலாம்.